மலை மேல கண்ட இடத்துல கூடாரம் போடறவங்களுக்கு

வழக்கமா மல்லாட்டை விலை, உரத் தட்டுப்பாடு, ஏரி மதகு இதைப் பத்தித்தான் எழுதுவேன். இந்தத் தடவை மலையைப் பத்தி எழுதறேன். "கீழ ஊர்ல ஏர் ஓட்டறவனுக்கு மலை மேல என்ன வேலை"ன்னு கேட்கறவங்க கொஞ்சம் பொறுமையாப் படிங்க, என்ன வேலைன்னு சொல்றேன்.

இப்பல்லாம் நாலு நாள் லீவு விட்டா போதும், எங்க பக்கத்துப் பசங்க பாதிப் பேர் மலையிலதான். ஜவ்வாது மலை, கல்வராயன் மலை, கொல்லிமலைன்னு ஆரம்பிச்சு கொடைக்கானல் மேல்மலை, மேகமலை, கொழுக்குமலைன்னு போய்க்கிட்டே இருக்காங்க. போகட்டும். வெயில் மண்டையைப் பொளக்கற ஊர்ல பொறந்தவனுக்குக் குளிர் ஒரு அதிசயம்தான், அதை நான் குறை சொல்லல. என் சண்டை அவங்க போறதைப் பத்தி இல்ல. ராத்திரி எங்க படுக்கறாங்க என்கிறதைப் பத்தி. யாரும் போகாத இடம்னு தேடிப் பிடிச்சு, காட்டுக்குள்ள ஓடை ஓரமா ஒரு டென்ட். அடுத்த கூட்டம் அதுக்கு மேல ஒரு டென்ட். இன்னொரு கூட்டம் புல்லு மேட்டுல. அதை வீடியோவா எடுத்து வேற போடறாங்க. ஒரு வீடியோவுல ஒரு தம்பி பேசறாரு: அமெரிக்காவுல கவர்மென்ட் காட்டுல எங்க வேணும்னாலும் இலவசமா டென்ட் போட்டுக்கலாமாம், நம்ம நாட்டுலதான் எதுக்கெடுத்தாலும் தடையாம், காடு மக்கள் சொத்துதானே, நாம படுத்தா என்னவாம். அதுக்குக் கீழ லைக்கு குவிஞ்சு கிடக்கு.

அந்தத் தம்பிக்கு ஒரு கடைமடைக்காரன் சொல்ற பதில் இது.

கடைமடைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கால்வாய் எங்க முடியுதோ அந்த இடம். திருவண்ணாமலைப் பக்கம் கீரனூர்ல துரிஞ்சலாத்துக்குக் குறுக்க ஒரு அணைக்கட்டு இருக்கு. அங்கிருந்து நந்தன் கால்வாய் கிளம்பி ஏறக்குறைய 38 கிலோமீட்டர் வந்து, வழியில இருக்கற ஏரிங்களுக்கெல்லாம் தண்ணி கொடுத்துட்டு, கடைசியா வந்து சேர்ற ஏரி எங்க பனமலை ஏரி. துரிஞ்சலாறு எங்க பொறக்குதுன்னா திருவண்ணாமலையைச் சுத்தி இருக்கற மலைங்கள்ல. மேல எவனாவது கால்வாயில மண்ணைத் தள்ளினா, குப்பையைக் கொட்டினா, கரையை வெட்டினா, எங்களுக்குத் தகவல் சொல்லி எந்த அதிகாரியும் வர மாட்டாங்க. ஏரி வறண்டு கிடக்கறதுதான் எங்களுக்குத் தகவல். முப்பது வருஷமா வெள்ளாமை பண்றேன், வானத்தைப் பார்த்த நேரத்தை விட மேற்கே திரும்பிப் பார்த்த நேரம்தான் அதிகம். அதனால மலை மேல யார் என்ன பண்றாங்கன்னு கேட்கற உரிமை கீழ இருக்கறவனுக்கு உண்டுன்னு நான் நினைக்கறேன்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். அந்தத் தம்பி சொன்னது பாதி உண்மை. அங்க தேசியக் காடுகள்ல நிறைய இடத்துல, குறிச்சு வெச்ச இடமாத்தான் இருக்கணும்னு இல்லாம தங்கலாம். பெரும்பாலும் 14 நாள்தான் கணக்கு, அதுக்கு மேல அதே இடத்துல இருக்கக்கூடாது. ஆனா அதோட சேர்ந்து வர்ற மீதிப் பாதியை அவரு சொல்லவே இல்ல. ஓடை, ஏரி எதுவா இருந்தாலும் நூறு, இருநூறு அடி தள்ளித்தான் டென்ட் போடணும். வெளிக்குப் போறதுன்னா அதே மாதிரி தள்ளிப் போய் அரை அடிக்குக் குழி தோண்டி மூடணும். கொண்டுபோன குப்பை அத்தனையும் திரும்பக் கொண்டுவரணும். வறட்சிக் காலத்துல நெருப்பே கூடாதுன்னு உத்தரவு போட்டுடுவாங்க. அந்த நாட்டோட விஸ்தீரணம் என்ன, ஜனம் எவ்வளவுன்னு பாருங்க. நம்மள மாதிரி நாலு மடங்கு ஜனம் அங்க இருந்திருந்தா அந்தச் சட்டம் இருந்திருக்குமா?

இப்போ இருநூறு அடிக் கணக்கை நம்ம சோலைக் காட்டுல போட்டுப் பாருங்க. சோலைன்னா நீலகிரியிலயும் கொடைக்கானல் மேல்மலையிலயும் மலை மடிப்புக்குள்ள இருக்கற குட்டை மரக் காடு. சுத்தி புல்வெளி. மழை, பனி எல்லாத்தையும் அந்தப் புல்லும் பாசியும் மக்கின இலையும் குடிச்சு வெச்சுக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா விடும். அதனாலதான் கோடையிலயும் அங்க ஓடை ஓடுது. அந்த மடிப்புக்குள்ள ஒரு ஓடையை விட்டு இருநூறு அடி தள்ளிப் போனா பல இடத்துல இன்னொரு ஓடைக்கரைக்குத்தான் வந்து நிப்பீங்க. அந்த ஓடையில கொஞ்ச தூரம் கீழ போனா ஒரு கருப்பு ஹோஸ் பைப்பு செருகி இருக்கும். அதோட மறு முனை ஏதோ ஒரு குக்கிராமத்துத் தொட்டியில. மோட்டார் கிடையாது, வடிகட்டி கிடையாது, குளோரின் கிடையாது. அப்படியே பிடிச்சுக் குடிக்கற தண்ணி. அமெரிக்கக் காட்டு ஓடைக்குக் கீழ நாலு வீடு பைப்பு போட்டு உட்கார்ந்திருக்கறது அபூர்வம். நம்ம மலையில அதுதான் வழக்கம்.

இன்னொண்ணு, நான் விவசாயி என்கிறதால எனக்கு உடனே தோணினது. குளிர்ல எதுவும் சீக்கிரம் மக்காது. எங்க கொல்லையில ஒரு குழியில சாணியும் இலையும் போட்டா நாலு மாசத்துல எருவாயிடும், ஏன்னா மண்ணு சூடா இருக்கு, புழு வேலை செய்யுது. மேல, ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழ இறங்கற இடத்துல அதே குப்பை அப்படியே கிடக்கும். ஆரஞ்சுத் தோல், முட்டை ஓடு "மக்கிடும்ப்பா"ன்னு வீசிட்டுப் போறாங்க. அது மக்கறதுக்கு முன்னாடி அடுத்த பத்துக் கூட்டம் வந்துட்டுப் போயிருக்கும். பிளாஸ்டிக்கைப் பத்திச் சொல்லவே வேணாம், அது அங்கயும் மக்காது இங்கயும் மக்காது. காட்டெருமையும் மானும் உப்பு வாசனைக்கு சிப்ஸ் கவரைத் தின்னும்.

"ஒரே இடத்துல எல்லாரும் தங்கினா அந்த இடம் நாசமாகும், பரவலாத் தங்கினா சுமை குறையும்"னு ஒரு வாதம் வெச்சிருக்காங்க. கேட்க நல்லா இருக்கு. ஆள் கம்மியா, இடம் அதிகமா இருந்தா அது சரி. 2025-ல ஹைகோர்ட் நீலகிரிக்கு எவ்வளவு வண்டின்னு கணக்கு வெச்சதுன்னு தெரியுமா? வார நாள்ல 6000, சனி ஞாயிறுல 8000. கொடைக்கானலுக்கு 4000, 6000. அதுக்கு முந்தின வருஷம் மே 7-லேர்ந்து இ-பாஸே கொண்டுவந்துட்டாங்க. கட்டுப்படுத்தின பிற்பாடே ஒரு நாளைக்கு எட்டாயிரம் வண்டின்னா, அதுல நூத்துல ஒரு வண்டிக்காரன் காட்டுக்குள்ள பரவலாத் தங்கக் கிளம்பினா என்ன ஆகும்? எண்பது வண்டி, எண்பது இடம், எண்பது அடுப்பு. சுமை குறையாது. குப்பை பொறுக்கப் போறவனுக்கு நடை கூடும், அவ்வளவுதான்.

அடுப்புன்னு சொன்னதும் குரங்கணி ஞாபகம் வராதவங்க இருக்க முடியாது. 2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. முதல் நாள் மலை ஏறி, மேல கொழுக்குமலையில ராத்திரி தங்கி, மறுநாள் போடிப் பக்கம் குரங்கணிக்கு இறங்கி வந்தவங்க காட்டுத்தீயில மாட்டிக்கிட்டாங்க. மொத்தம் 23 பேர் செத்துப் போனாங்க. சென்னை, ஈரோடு, திருப்பூர்னு வந்த புள்ளைங்க, பாதிக்கு மேல பொம்பளைப் புள்ளைங்க. அவங்க போன பாதைக்கு அனுமதி இல்லைன்னு அப்புறம் சொன்னாங்க. விசாரணைக்கு அதுல்ய மிஸ்ரா ஐ.ஏ.எஸ்.ஸை அரசாங்கம் போட்டது, அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதி வந்தது. அதெல்லாம் பேப்பர்ல வந்த விஷயம். நான் சொல்ல வந்தது வேற. அன்னிக்கு முதல்ல மேல ஓடினது யாரு? ஹெலிகாப்டர் அப்புறம்தான் வந்தது. முதல்ல ஓடினது அந்த ஊர் சனங்க. தோட்டத்து வேலைக்காரங்களும் மலையில இருக்கறவங்களும்தான் வேட்டி, போர்வையில கட்டித் தூக்கிக்கிட்டு இறங்கினாங்க. காட்டுல எவன் தங்கறான், எத்தனை பேர், எந்த வழியா இறங்கறான்னு அந்த ஊருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லறது கிடையாது. ஆனா தூக்கிக்கிட்டு வர்றது மட்டும் அவங்க.

தீ எப்படிப் பிடிக்குதுன்னு நெருப்போட பழகினவனுக்குத் தெரியும். நாங்க கரும்புச் சோகை கொளுத்தினவங்க. காத்து திரும்பினா எத்தனை நிமிஷத்துல வரப்பைத் தாண்டும்னு உடம்பு சொல்லும். மலையில இன்னும் மோசம். தை, மாசியில ராத்திரிப் பனி புல்லைக் கருக்கிப் போட்டுடும், பகல் வெயில் அதைக் காய வெச்சுடும். அப்புறம் அது புல்லு இல்ல, வைக்கோல். தீ மேட்டுப் பக்கம் ஏறும்போது ஆளை விட வேகமா ஏறும். கரெக்டா அந்தக் குளிர் மாசத்துலதான் நம்ம பசங்களுக்கு "கேம்ப் ஃபயர்" வேணும். அதுக்குத் தனியாப் பணம் வாங்கறவங்களும் இருக்காங்க. டென்ட், பார்பிக்யூ, பாட்டு, எல்லாம் சேர்ந்து ஒரு பேக்கேஜ். கீழ இருக்கறவங்கதான் புது புல்லு முளைக்கட்டும்னு தீ வைக்கறாங்கன்னு ஒரு பேச்சு எப்பவும் உண்டு. யார் வெச்சாலும் தப்புதான், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அதைச் சொல்லிட்டு இவங்க குச்சி பொறுக்கறதை எப்படி நியாயப்படுத்தறது?

யானை விஷயத்தைச் சுருக்கமா முடிச்சிடறேன். 2021 ஜனவரியில வயநாட்டு மேப்பாடியில டென்ட்ல தங்கின ஒரு பெண்ணை யானை கொன்னது. கண்ணூர்லேர்ந்து வந்த டீச்சர். யானைக்கு அது வழக்கமா நடக்கற வழியா இருந்திருக்கும். நைலான் துணிக்கும் யானைக்கும் நடுவுல என்ன இருக்கு? அதுக்கப்புறம் ஜனம் யானை மேல கோபப்படும். அந்த யானையோட வருஷம் முழுக்கக் குடித்தனம் பண்றது தேயிலைத் தோட்டத்துல வேலைக்குப் போற பொம்பளைங்க.

இப்போ நான் கொதிச்சுப் போற இடத்துக்கு வர்றேன்.

காட்டுல பரவலாத் தங்கறது நமக்குப் புதுசு இல்ல. அதுக்கு நம்மகிட்ட பேரு உண்டு: பட்டி, கிடை. எங்க பக்கம் அறுப்பு முடிஞ்சதும் கழனியில ஆட்டுக்கிடை போடுவாங்க. ராத்திரி ஆடு படுத்த இடத்துல போடற புழுக்கையும் மூத்திரமும்தான் அந்த வருஷத்து உரம். ரெண்டு ராத்திரி ஒரு கழனி, அடுத்த ரெண்டு ராத்திரி பக்கத்துக் கழனி. கிடைக்காரன் ஒரு படி நெல்லு கேட்பான், கூழு கேட்பான், கூடாரம்னு ஒரு தார்ப்பாய். அவன் போன இடம் பச்சையா இருக்கும். மலையில அதே மாதிரிதான். தேனியில மலைமாட்டுக்காரங்க, அந்தியூருக்கு மேல பர்கூர் மலையில செம்மறை மாட்டுக்காரங்க, தலைமுறை தலைமுறையா காட்டுக்குள்ள பட்டி போட்டு மாடுங்களோட தங்கினவங்க. எந்த மாசம் எந்தப் பக்கம் புல்லு, எந்தச் சுனையில தண்ணி, எங்க யானை இறங்கும், எல்லாம் தெரிஞ்சவங்க.

அவங்களை என்ன பண்ணோம்? 2022 மார்ச்ல தமிழ்நாட்டுக் காட்டுல எங்கயும் மாடு மேய்க்கக் கூடாதுன்னு ஹைகோர்ட் உத்தரவு போட்டது. எதிர்ப்பு கிளம்பினதும் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் மட்டும்னு சுருக்கினாங்க. சரி, மீதி இடம் இருக்கேன்னு பார்த்தா அந்தப் பட்டியல் பெருசாகிக்கிட்டே போகுது. 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வந்தது. 2024-ல ஈரோட்டுல தந்தை பெரியார் சரணாலயம் வந்தது, பர்கூர் மலைக்காரங்க அன்னிலேர்ந்து மேய்ச்சல் போயிடுமேன்னு புலம்பறாங்க. புலி வேணாம்னு நான் சொல்லல. மாடு மேய்ஞ்சா காட்டுக்கு ஒண்ணுமே ஆகாதுன்னும் சொல்லல, அதிகமா மேய்ஞ்சா ஆகும், எங்க ஊர்ப் புறம்போக்கைப் பார்த்தாலே தெரியும். ஆனா 2006-ல பார்லிமென்ட்ல போட்ட வன உரிமைச் சட்டம் ஒண்ணு இருக்கு. அதுல மேய்ச்சல் உரிமை, ஊர் விட்டு ஊர் போய் மேய்க்கறவங்களோட பருவகால உரிமை எல்லாம் தெளிவா எழுதியிருக்கு. காட்டைக் காப்பாத்தற அதிகாரம் கிராம சபைக்கும் உண்டுன்னு எழுதியிருக்கு. தமிழ்நாட்டுல அந்தச் சட்டம் வருஷக்கணக்கா கோர்ட்டுலயும் ஆபீஸ்லயும் முடங்கிக் கிடந்தது.

ஆக, காட்டுல தங்கிப் பொழைக்கறவனுக்குச் சட்டத்துல உரிமை இருந்தும் ரேஞ்சர் ஆபீஸ் வாசல்ல நிக்கணும். காட்டுல தங்கி பாட்டுப் போடறவனுக்கு உரிமையே இல்ல, ஆனா போய்ப் படுத்துட்டு வந்துடறான், வீடியோவும் போடறான். 1882-ம் வருஷத்துக் காட்டுச் சட்டப்படி ரிசர்வ் காட்டுக்குள்ள அத்துமீறி நுழையறதும் குத்தம், நெருப்பு மூட்டறதும் குத்தம், மாடு மேய்க்கறதும் குத்தம். மூணும் ஒரே சட்டம்தான். அபராதச் சீட்டு மட்டும் யாருக்கு சீக்கிரம் கிழியும்னு மலையடிவாரத்துல ஆடு வெச்சிருக்கறவங்களைக் கேளுங்க.

இதுக்குப் பதிலா "அப்ப டென்ட்காரங்களுக்கும் உரிமை குடுத்துடலாமே"ன்னு அந்தத் தம்பி சொல்வாரு. அதாவது கிடைக்காரனை இறக்கி விட்ட இடத்துல இவரைப் படுக்க வைக்கணும். அந்த நியாயம்தான் எனக்குச் செமிக்கல.

"அப்ப இளைஞர்கள் இயற்கையையே பார்க்கக் கூடாதா, பார்த்தாத்தானே பாசம் வரும்"னு கேட்பாங்க. நல்லாப் பாருங்க. வனத்துறை 2024 அக்டோபர்ல 40 மலையேற்றப் பாதையைத் திறந்து விட்டிருக்கு, 14 மாவட்டத்துல. ஆன்லைன்ல பணம் கட்டி, உள்ளூர் வழிகாட்டியோட காலையில ஏறி சாயங்காலம் இறங்கலாம். பிப்ரவரி நடுவுலேர்ந்து ஏப்ரல் நடு வரைக்கும் தீக் காலம்னு மூடி வெச்சுடறாங்க. கட்டணம் அதிகம்னு ஒரு முணுமுணுப்பு இருக்கு, எனக்கும் அப்படித்தான் தோணுது, ஒரு கூலிக்காரர் வீட்டுப் புள்ளை போக முடியாத விலை சில பாதைக்கு. அதைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுங்க, நானும் வர்றேன். ராத்திரி தங்கியே ஆகணும்னாலும் அதுக்கும் ஒரு வழி இருக்கு. கோயமுத்தூருக்கு மேல பில்லூர் அணைப் பக்கம் பரளிக்காட்டுல மலை சனங்களே பரிசல் ஓட்டறாங்க, பொம்பளைங்க சமையல் பண்ணிப் போடறாங்க, வர்ற பணத்துல அவங்களுக்குக் கூலி. இத்தனை பேர்தான்னு முன்கூட்டிப் பதிவு. பக்கத்துல பூச்சமரத்தூர்ல ராத்திரி தங்க இடமும் உண்டு. அங்க போனா சோறும் கிடைக்கும், எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்ல ஆளும் இருக்கும். இது மாதிரி ஒவ்வொரு மலையிலயும் அந்த ஊர் கிராம சபை இடம் குறிச்சுக் கொடுத்து, கழிப்பறை கட்டி, பணத்தை அவங்களே வாங்கணும். காட்டுக்கு நடுவுல இல்ல, ஊர் ஓரத்துல. ஓடைக்கு மேல இல்ல, கீழ. இதுல என்ன கஷ்டம்? ஒரே கஷ்டம், "யாருமே போகாத இடம்"னு வீடியோவுக்குத் தலைப்பு வைக்க முடியாது.

எங்க ஊர்க் கதையையும் சொல்லணும். பனமலை ஒண்ணும் கொடைக்கானல் இல்ல. சின்னப் பாறைக்குன்று, மேல ராஜசிம்ம பல்லவன் கட்டின தாளகிரீஸ்வரர் கோயில், உள்ள ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு மேல தாண்டின உமையம்மை ஓவியம். பார்க்க வர்றவங்க வந்துட்டுப் போவாங்க, சந்தோஷம். கொஞ்ச வருஷமா பாறைச் சரிவுல ராத்திரி கூட்டம் உட்கார ஆரம்பிச்சிருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி டென்ட்டும் பார்த்தேன், நீலக் கலர்ல ஒண்ணு, ஆரஞ்சு ஒண்ணு. மழை பெய்ஞ்சா குன்று மேல இருக்கறது எல்லாம் எங்க வரவுக்கால் வழியா கழனிக்குத்தான் வரும். போன நடவுல ஒரு பாட்டில் கண்ணாடி நடவு நட்டுக்கிட்டிருந்த அம்மா பாதத்துல இறங்கிடுச்சு. சேத்துக்குள்ள கண்ணாடி தெரியாது. ஏழு தையல். பதினைஞ்சு நாள் கூலி போச்சு அந்த அம்மாவுக்கு. நான் கொடுத்தது பத்தாது. பாட்டிலைப் போட்டவன் யாருன்னு கேட்டா நான் எங்க போவேன்? அவனுக்கு அன்னிக்கு ராத்திரி நல்லா இருந்திருக்கும், நட்சத்திரமெல்லாம் தெரிஞ்சிருக்கும்.

இது முந்நூறு அடிக் குன்று கூட இல்ல. ஐயாயிரம், ஆறாயிரம் அடி மலைக்கு எத்தனை கழனி கீழ இருக்கு, எத்தனை கால் இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

செஞ்சிக் கோட்டையை எடுத்துக்கோங்க. சாயங்காலம் ஆனா வாட்ச்மேன் விசில் அடிச்சு எல்லாரையும் இறக்கி விட்டுடுவாரு. ராத்திரி ராஜகிரி மேல டென்ட் போட விடுங்கன்னு யாரும் கேட்கறதில்ல. 2025 ஜூலையில யுனெஸ்கோ பட்டியல்ல அந்தக் கோட்டையைச் சேர்த்தாங்க, எங்களுக்கெல்லாம் பெருமைதான். கல்லுக் கோட்டைக்குள்ள ராத்திரி படுக்கறது தப்புன்னு எல்லாரும் ஒத்துக்கறாங்க. கோட்டை சொட்டுத் தண்ணி கொடுக்கறதில்ல. தண்ணி கொடுக்கற சோலைக்குள்ள படுக்கறது மட்டும் எப்படி உரிமைப் பிரச்சினை ஆச்சு?

2024 டிசம்பரை எங்க மாவட்டத்துல யாரும் மறக்க மாட்டாங்க. பெஞ்சல் புயல்ல மயிலத்துல ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணையிலேர்ந்து ராத்திரியோட ராத்திரியா ஒண்ணரை லட்சம் கன அடிக்கு மேல தண்ணி. அதே நேரம் திருவண்ணாமலையில மலைச்சரிவு மண்ணு சரிஞ்சு வீட்டு மேல விழுந்து ஏழு பேர் போனாங்க, அஞ்சு பேர் குழந்தைங்க. அதுக்கும் டென்ட்டுக்கும் சம்பந்தம் இல்ல, நான் முடிச்சுப் போட வரல. மலை மேல மழை எப்படி இருக்கும்னு கீழ இருந்து கணக்குப் போட முடியாதுங்கறதுக்காகச் சொல்றேன். 2019 ஆகஸ்ட்ல நீலகிரி அவலாஞ்சியில ஒரே நாள்ல 91 சென்டிமீட்டர் பெய்ஞ்சது. எங்களுக்கு ஒரு வருஷம் பெய்யற மழை கிட்டத்தட்ட. அந்த ராத்திரி ஒரு கூட்டம் ஓடை ஓரத்துல, யாருக்கும் சொல்லாம, போன் சிக்னல் இல்லாம படுத்திருந்தா தேடப் போறது யாரு? திரும்பவும் அதே ஊர் சனங்கதான், அவங்க வீட்டுக் கூரையே பறந்திருக்கற நேரத்துல.

நான் கேட்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ரிசர்வ் காட்டுல கண்ட இடத்துல தங்கறதை இப்ப இருக்கற சட்டப்படியே நிறுத்துங்க, வீடியோ போடறவங்களுக்கும் சேர்த்து. பட்டா நிலத்துல, எஸ்டேட் ஓரத்துல டென்ட் போட்டு வாடகை வாங்கறவங்க, கழிவு எங்க போகுதுன்னு பஞ்சாயத்துக்கு எழுதிக் கொடுத்துட்டுத் தொழில் பண்ணட்டும். தீக் காலத்துல கேம்ப் ஃபயர் ஒருத்தனுக்கும் கிடையாது. மலைமாட்டுக்காரங்களோட, பர்கூர்காரங்களோட உரிமை மனுவை முதல்ல முடிச்சுட்டு அப்புறம் சுற்றுலா பேசுங்க. வர்ற கிராம சபையில எங்க குன்று மேல ராத்திரி தங்கக் கூடாதுன்னு ஒரு தீர்மானம் எழுதி வெச்சிருக்கேன், கையெழுத்துப் போட இதுவரைக்கும் பதினெட்டுப் பேர் ஒத்துக்கிட்டிருக்காங்க, அதுல நடவுக்கார அம்மாதான் முதல் கையெழுத்து.

டென்ட் வாடகைக்கு விடறவங்க யாராவது இதைப் படிச்சா எனக்குத் திட்டி எழுத வேணாம். உங்க டென்ட்டுக்குக் கீழ அந்த ஓடையில இருக்கற முதல் ஊர் பேரு என்ன, அங்க எத்தனை வீடு, அவங்க தண்ணி எங்க பிடிக்கறாங்க, இதை மட்டும் எழுதுங்க.